ஆடாத நாள்களின் பாரம்: போட்டி விளையாட்டு வீரர்களின் மனநலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட அளவில் தொடங்கித் தேசிய அளவுவரை ஆடும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்விகளில் பெரும்பாலானவை போட்டி நாளைச் சுற்றியே எழுகின்றன. பதில்களோ போட்டி இல்லாத நாள்களை நோக்கியே அடிக்கடி திரும்பும். களத்தில் தோற்றவர்களைவிட, களத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களே அதிகம் உடைந்துபோகிறார்கள் என்பது பல ஆண்டுகளாகப் பார்த்ததில் எனக்குப் பட்டது.

போட்டிக்கு முன்னால் கை நடுங்குகிறது, வயிற்றைக் கலக்குகிறது. இது மனநோயா?

இல்லை. பெரிய செயலுக்கு உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், கழிப்பறைக்கு இரண்டு முறை போகத் தோன்றும். தொடக்கக் கோட்டில் நிற்கும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அது எங்கே போனதென்றே தெரியாது என்றும் சொல்வார். அந்தப் படபடப்பு முழுமையாக அடங்கிவிட்டால் ஆட்டம் மந்தமாகிவிடும் என்று அனுபவசாலிகள் அஞ்சுவதும் உண்டு.

கவலைப்பட வேண்டிய பதற்றம் வேறு மாதிரியானது. அது போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தூக்கத்தைப் பறித்துக்கொள்ளும். போட்டி முடிந்த பிறகும் விலகாது. காலையில் பயிற்சிக்குக் கிளம்பும்போதே வாந்தி வரும். தலைவலி, கால்வலி என்று காரணம் சொல்லி மைதானத்தைத் தவிர்க்க வைக்கும். மனச்சோர்வைப் பொறுத்தவரை, எதிலும் நாட்டமின்மை, விடாத துயரம், தூக்கத்திலும் பசியிலும் மாற்றம் ஆகியவை ஏறத்தாழ நாள் முழுவதும், நாள்தோறும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மன உறுதி உள்ள வீரருக்கு மனச்சோர்வு வராது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். சரிதானா?

சரியல்ல. மன உறுதி என்பது ஒரு திறன். கடைசி ஓவரில் கை நடுங்காமல் பந்து வீசுவதும், களைத்துப்போன நான்காவது சுற்றில் வேகத்தைக் கூட்டுவதும் அதில் அடங்கும். மனநலம் என்பது உடல்நலத்தைப் போன்ற ஒரு நிலை. திறன் மிக்கவர் நோயுறுவதில் முரண் எதுவும் இல்லை.

விராட் கோலியின் மன உறுதியை ஐயப்படுபவர் இருக்க மாட்டார். 2014ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ஐந்து டெஸ்ட்களில், பத்து இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது மொத்தம் 134 ரன்கள். அந்த நாள்களில் தான் மனச்சோர்வில் இருந்ததாகவும், சுற்றிலும் ஆள்கள் இருந்தும் உலகத்தில் தனியாக நிற்பதுபோல் உணர்ந்ததாகவும் 2021இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே மனிதர் 2018இல் அதே நாட்டில் 593 ரன்கள் குவித்தார். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் 28 பதக்கங்களை வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் கடுமையான மனச்சோர்வுக்குள் விழுந்ததாகவும், 2012 லண்டன் போட்டிக்குப் பின் உயிரோடு இருக்கவே விரும்பவில்லை என்றும் கூறியிருக்கிறார்.

சொல்லப்போனால், மன உறுதி மிகுந்தவர்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஆடுவதற்குப் பத்து வயதிலிருந்து பழக்கப்பட்டவர் மனவலியையும் அதே திறமையோடு மறைத்துவிடுவார்.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

உயர்மட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, களத்தில் இருக்கும் வீரர்களில் சுமார் 34 சதவீதத்தினரிடமும், ஓய்வுபெற்றவர்களில் சுமார் 26 சதவீதத்தினரிடமும் பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அறிகுறி இருப்பதும் நோய் உறுதிசெய்யப்படுவதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டிய எண்கள் இவை. இருந்தாலும், பன்னிரண்டு பேர் கொண்ட கபடி அணியின் முன்னால் நிற்கும் பயிற்சியாளர் 'நம் பிள்ளைகளில் யாருக்கும் இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

எந்தக் காலத்தில் அதிகக் கவனம் தேவை?

தோற்ற இரவில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தோற்ற இரவில் வீரரைச் சுற்றி ஆள்கள் இருப்பார்கள். யாராவது தோளில் கை போடுவார்கள். அடுத்த போட்டியின் தேதி சுவரில் தொங்கும். காயம்பட்டு ஒதுங்கிய நாள்களிலும், தேர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்ட மறுநாளிலும், ஓய்வுபெற்ற முதல் ஆண்டிலும் இவற்றில் எதுவும் இருப்பதில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 400 மீட்டர் ஓடும் பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தொடையின் பின்தசை கிழிந்து, ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் நல்ல எண்ணத்தோடு அவள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, மற்றவர்களின் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். தினமும் காலையில் டிராக் ஓரப் படியில் உட்கார்ந்து அவள் அதைச் செய்தாள். குறிப்பேட்டில் எல்லோருடைய பெயரையும் வரிசையாக எழுதி, தன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவைப்பாள். மூன்றாம் வாரம் அந்தக் குறிப்பேட்டைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது: மற்றவர்களின் நேரமெல்லாம் நூறில் ஒரு பங்கு வினாடி பிசகாமல் பதிவாகியிருந்தது; அவளுடைய பெயர் மட்டும் சில நாள்களாகவே எழுதப்படவில்லை. அவள் அழவில்லை, யாரிடமும் கோபப்படவில்லை, ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. 'ரொம்பப் பொறுப்பான பெண்' என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காயம் ஏன் இப்படித் தாக்குகிறது? விடுதியில் தங்கி ஆடும் பிள்ளைக்கு உணவு, நட்பு, அன்றாட ஒழுங்கு, ஊரில் கிடைக்கும் பெயர் எல்லாமே விளையாட்டின் வழியாகத்தான் வருகின்றன. நம் மாநிலத்தில் இதோடு சான்றிதழும் சேர்கிறது. கல்லூரி இடம் அதை நம்பியிருக்கும். அரசு வேலைகளில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை வீடே எதிர்பார்த்திருக்கும். தசை கிழியும்போது இத்தனையும் ஒரே நேரத்தில் ஆட்டம் காண்கின்றன. கிரிக்கெட் வீரர் முகமது ஷமி 2015 உலகக் கோப்பையில் பட்ட முழங்கால் காயத்திலிருந்து முழுமையாக மீளப் பதினெட்டு மாதங்கள் ஆயின. தன் வாழ்க்கையிலேயே மிகுந்த வலி தந்த காலம் அது என்றார் அவர். காயமும் குடும்பச் சிக்கலும் சேர்ந்து நெருக்கிய நாள்களில் தற்கொலை எண்ணம் எழுந்ததையும், குடும்பத்தார் கண்ணை இமைபோல் உடனிருந்து காத்ததையும் 2020இல் அவரே சொன்னார்.

தங்கம் வென்றவருக்கு எப்படி மனச்சோர்வு வரும்? அது நன்றி கெட்டதனம்போல் தோன்றுகிறதே?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அபினவ் பிந்த்ரா வென்றதுதான் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். தன் வாழ்வின் மிகப் பெரிய மன நெருக்கடி தோல்வியில் வரவில்லை, அந்த வெற்றிக்குப் பிறகே வந்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சிறுவயது முதல் ஒரே இலக்கை வைத்து எழுந்து, உண்டு, உறங்கியவருக்கு அந்த இலக்கு கைக்கு வந்த மறுநாள் காலையில் எதற்காக எழுவது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஊரே மாலையோடு நிற்கும்போது 'உள்ளே வெறுமையாக இருக்கிறது' என்று யாரிடம் சொல்வது? சொன்னால் நீங்கள் கேட்ட அதே கேள்விதான் திரும்பி வரும்.

சதுரங்கத்தில் டிங் லிரன் 2023 ஏப்ரலில் உலக வாகையர் ஆனார். அதன் பிறகு மனச்சோர்வால் பல மாதங்கள் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்தார். ஆட்டத்தின் தரமும் வெகுவாகச் சரிந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷிடம் அவர் பட்டத்தை இழந்த செய்தியை நாம் சென்னையின் மகிழ்ச்சியாகக் கொண்டாடினோம், கொண்டாடியதில் தவறும் இல்லை. ஆனால், அந்த நிலையிலும் பதினான்காவது ஆட்டம்வரை 6.5–6.5 என்று சமனில் இழுத்துச் சென்றவரின் போராட்டத்தை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம் என்று கேட்டுக்கொள்வதும் தகும். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவும், 2018 அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற நாள் முதலே நீண்ட மனச்சோர்வு தன்னைப் பீடித்ததாக 2021இல் எழுதினார். பத்திரிகையாளர் சந்திப்பைத் தவிர்த்ததற்காக 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட நிலையில், பிரெஞ்சு ஓப்பனிலிருந்து விலகியபோது அவர் எழுதியது அது.

ஆகவே மாநிலப் பதக்கம் வென்று வந்த பிள்ளை ஒரு வாரத்துக்குப் பிறகு சுருண்டு படுத்திருந்தால், திமிர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒலிம்பிக்கில் நடுப்போட்டியில் விலகியது கோழைத்தனம் இல்லையா?

தரைக்கு மேலே பல அடி உயரத்தில் உடல் சுழலும்போது, தலை எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் என்ற உணர்வு திடீரென அறுந்துபோவதை ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். டோக்கியோவில் 2021 ஜூலை 27 அன்று அணி இறுதிப்போட்டியின் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் பிரிவு) இரண்டரைச் சுற்று சுழல வேண்டிய பைல்ஸ் ஒன்றரைச் சுற்றோடு தரையிறங்கினார். எத்தனை சுற்று சுழன்றோம் என்று தெரியாமல் அடுத்த கருவியில் ஏறுவது கழுத்தெலும்பைப் பணயம் வைப்பதாகும். அவர் இறங்கிக்கொண்டார். சுழற்சி குறைவான பயிற்சி வரிசையோடு ஒரு வாரத்தில் பேலன்ஸ் பீமில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். கோழைத்தனம் என்ற சொல்லை நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர்கள் சற்று சிக்கனமாகப் பயன்படுத்தலாம்.

மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதலில் எடையைக் குறைப்பது மனதைப் பாதிக்குமா?

பாதிக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதிக்குத் தகுதிபெற்றுவிட்டு, மறுநாள் காலை எடை பார்க்கும்போது 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவெல்லாம் உடற்பயிற்சி, வெந்நீராவி அறை, தலைமுடி வெட்டியது என எல்லாம் செய்தும் அந்த நூறு கிராம் போகவில்லை. அடுத்த நாள் ஓய்வை அறிவித்தார். உலகம் அந்த ஒரு காலையைப் பார்த்தது. எடைப் பிரிவில் ஆடும் சாதாரணப் பிள்ளைகளோ ஆண்டுக்குப் பலமுறை இதன் சிறிய வடிவத்தை அனுபவிக்கிறார்கள்: தண்ணீரைக் குறைப்பது, இரண்டு டிராக்சூட்டுகளை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவது, எடை பார்த்து முடிந்ததும் கண்மண் தெரியாமல் சாப்பிடுவது.

பட்டினியும் நீரிழப்பும் எரிச்சலையும் தூக்கமின்மையையும் சோர்வையும் கொண்டுவருகின்றன. உணவைப் பகையாகப் பார்க்கும் பழக்கம் மெல்ல உண்ணல் கோளாறாக மாறுவதும் உண்டு. எடைப் பிரிவே இல்லாத நெடுந்தூர ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றிலும் இது நடக்கிறது. பயிற்சியில் செலவாகும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடாத உடலில் ஹார்மோன்கள் குலைந்து, எலும்பு பலவீனமாகி, மனநிலையும் சரிகிறது என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் தனி மருத்துவச் சிக்கலாக வகைப்படுத்தியிருக்கிறது. பெண்களிடம் இதன் தெளிவான எச்சரிக்கை மாதவிடாய் நின்றுபோவது. 'கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும்' என்று விடுதிகளில் அக்காக்கள் தங்கைகளுக்குச் சொல்லிவருவது தவறு. மூன்று மாதம் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்க்க வேண்டும். எடை ஏறிவிட்டது என்று நண்பர்கள் முன்னால் கேலி செய்வதைப் பயிற்சியாளர் அன்றே நிறுத்த வேண்டும்.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

மாற்றத்தைக் கவனியுங்கள். எப்போதும் அமைதியான பிள்ளை அமைதியாக இருப்பதில் செய்தி ஏதும் இல்லை. வாயாடிப் பிள்ளை அமைதியாவது செய்தி. தூக்கம் கெடுவது, அடிக்கடி சிறு காயங்கள் ஏற்படுவது, தேறிய காயம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பது, நண்பர்களின் அழைப்பை எடுக்காதது, உயிராகப் பாதுகாத்த ஸ்பைக்ஸையோ மட்டையையோ யாருக்காவது கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கண்டால் விசாரியுங்கள். பையன்களிடம் துயரம் பெரும்பாலும் கோபமாகவே வெளிவரும். ஓய்வு நாளிலும் ஓயாமல் பயிற்சி செய்வதும் ஓர் அறிகுறியே. நாம்தான் அதைக் கடமையுணர்ச்சி என்று பாராட்டிவிடுகிறோம்.

பேச்சை எப்படித் தொடங்குவது? கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறான்.

'உனக்கு டிப்ரஷனா?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள். ஓர் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே, மகனின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல லைட் எரிஞ்சுதே, தூக்கம் வரலையா கண்ணு?" பையன் சற்று நேரம் கழித்து, "வரலம்மா. ஒரு வாரமா வரல" என்றான். அம்மா அறிவுரைக்குப் போகவில்லை. "ஒரு வாரமாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். மீதியை அவனே சொன்னான்.

முகத்துக்கு நேர் பார்க்காமல் பேசுவது, அதாவது வண்டியில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ பேசுவது, வளர்ந்த பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கிறது. 'எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா', 'அந்தக் காலத்துல நாங்க வெறுங்கால்ல ஓடினோம்', 'எல்லாம் மனசுலதான் இருக்கு' ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது, உண்மையாக இருப்பதாலேயே, மற்ற இரண்டையும்விட அதிகமாக வலிக்கிறது.

உளவியலாளர், மனநல மருத்துவர், மனப்பயிற்சியாளர்: யாரிடம் போவது?

மூவரின் வேலையும் வேறு. குகேஷ் உலகப் போட்டிக்குத் தயாரானபோது உடனிருந்த பேடி அப்டன், 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடனும் பணியாற்றிய மனப்பயிற்சியாளர். கவனத்தைக் குவிப்பது, தோற்ற ஆட்டத்தை மறுநாளுக்குத் தூக்கிச் செல்லாமலிருப்பது போன்றவற்றில் இத்தகையோர் உதவுவர். நோய்க்குச் சிகிச்சை தருவது இவர்களது வேலையன்று. மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் மனநலத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். நோயை உறுதிசெய்வார், தேவையானால் மருந்தும் தருவார்.

முதல்முறை யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பயணமே முடியாதவர்கள் ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். தேறாத வலிக்கு எலும்பு மருத்துவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்களில் சிலருக்கு இந்த வாசல்தான் தேவைப்படுகிறது.

மனநல மருந்து சாப்பிட்டால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வோமா?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று முதலில் எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த அச்சத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் இரண்டு. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட ஊக்கி. பதற்றத்தில் நெஞ்சு படபடப்பதற்கும் கை நடுங்குவதற்கும் சில மருத்துவர்கள் தரும் புரோப்ரனலால், துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் எக்காலத்திலும் தடைசெய்யப்பட்டது. நடுங்காத கையே அங்கே வெற்றி என்பதால் இந்த விதி. 2008 பெய்ஜிங்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜாங்-சு இம்மருந்தால் இரண்டு பதக்கங்களை இழந்தார். எனவே மருத்துவரிடம் முதல் வரியிலேயே 'நான் போட்டிகளில் ஆடுகிறேன், இன்ன விளையாட்டு' என்று சொல்லிவிடுங்கள். தடைசெய்யப்பட்ட மருந்துதான் வேண்டும் என்ற நிலை வந்தால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

செய்தி வெளியே தெரிந்தால் அணியில் இடம் போய்விடாதா?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. பதினெட்டு வயதைக் கடந்தவர் தன் சிகிச்சையைப் பற்றி யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவுசெய்யலாம். நடைமுறையில் எல்லாத் தேர்வாளர்களும் பெருந்தன்மையோடு நடந்துகொள்வார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். கூறினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். ஆகவே, ஊருக்கெல்லாம் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் மருத்துவர், வீட்டில் ஒருவர், அணியில் நம்பகமான ஒருவர் என மூவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

முற்றிலும் மறைப்பதன் விலையை ஜெர்மனி அறிந்தது. ஹனோவர் கால்பந்து அணியின் கோல்கீப்பரும் தேசிய அணி வீரருமான ராபர்ட் என்கே மனச்சோர்வுக்கு ஆண்டுக்கணக்கில் இரகசியமாகச் சிகிச்சை பெற்றுவந்தார். செய்தி கசிந்தால் ஆட்டமும் போகும், தத்தெடுத்த குழந்தையும் கையைவிட்டுப் போகும் என்று அஞ்சினார். 2009 நவம்பரில் முப்பத்திரண்டு வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இன்று வீரர்களை மனநல மருத்துவர்களோடு இணைக்கிறது.

கண்டிப்பான பயிற்சி எங்கே முடிகிறது, துன்புறுத்தல் எங்கே தொடங்குகிறது?

'இந்தச் சுற்றில் உன் முழங்கை தாழ்ந்துவிட்டது, மறுபடி ஓடு' என்பது கண்டிப்பு. பிள்ளையின் சாதியையோ உடலையோ நிறத்தையோ அப்பாவின் தொழிலையோ இழுத்துப் பேசுவதும், அடிப்பதும், தண்ணீர் தர மறுப்பதும் துன்புறுத்தல். தனியறைக்கு அழைப்பதும், இரவில் தேவையற்ற குறுஞ்செய்தி அனுப்புவதும் காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயங்களாக மாறக்கூடியவை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் போக்சோ சட்டமும் 1098 என்ற சிறார் உதவி எண்ணும் இருக்கின்றன.

துன்புறுத்துவது எப்போதும் தனிமனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது உடலைப் பற்றிய செய்தி அவருக்கு ஆறுதல் சொல்ல ஒருவர்கூட இல்லாத நிலையில் உலகெங்கும் ஒளிபரப்பானது. பின்னர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். அவர் அனுபவித்ததற்கு 'மன உறுதி போதவில்லை' என்று விளக்கம் சொல்ல யாருக்காவது வாய் வருமா? பிற்காலத்தில் அவர் அரசுப் பயிற்சியாளராகப் பணியமர்ந்து இளம் ஓட்டக்காரர்களை உருவாக்கினார்.

சமூக வலைத்தள வசைகளை எப்படிச் சமாளிப்பது?

போட்டிக்கு முன்னும் பின்னும் கைப்பேசியை நம்பகமானவரிடம் கொடுத்துவிடுங்கள். மிரட்டல்களை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள், புகாருக்கு உதவும். அணியினர் வெளிப்படையாகப் பக்கம் நிற்பதுதான் பெரிய மருந்து: 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் தோற்றபின் ஷமியை மதத்தின் பெயரால் தூற்றியபோது, அணித்தலைவராக இருந்த கோலி செய்தியாளர்கள் முன்னிலையில் அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

'செத்துப்போகலாம்போல இருக்கு' என்று சக வீரர் சொன்னால் என்ன செய்வது?

விளையாட்டாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட முடிகிறது. தனியே விடாதீர்கள். தீங்கு செய்துகொள்ளக்கூடிய பொருள்களை அறையிலிருந்து அகற்றுங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கினாலும் அந்தச் சத்தியத்தை மீறி, விடுதிக் காப்பாளரிடமோ பெற்றோரிடமோ உடனே சொல்லுங்கள். 14416ஐ அழையுங்கள்; ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டாம். முன்பு சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்காமல் அவருக்குப் பராமரிப்பு வழங்க வேண்டும் என்கிறது.

சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஆட முடியுமா? எப்போது தொடங்கலாம்?

பெரும்பாலோரால் முடியும். தசைக் காயத்துக்குப் பின் முதல்நாளே முழுவேகத்தில் ஓடவிடுவதில்லை அல்லவா, அதே முறைதான்: முதலில் மைதானத்துக்கு வந்துபோவது, பிறகு நேரம் குறிக்காத பயிற்சி, பிறகு நட்பு ஆட்டம், அதன்பின் போட்டி. ஒவ்வொரு படியிலும் தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்து அடுத்த படிக்குப் போகலாம். தேதியை மருத்துவரும் வீரரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அடுத்த மாதம் டிரையல்ஸ் இருக்கிறது என்பது ஒரு காரணமாகாது.

ஆடாத நாள்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். மேலே சொன்ன 400 மீட்டர்ப் பெண்ணின் பயிற்சியாளர் செய்தது சின்ன மாற்றம்தான். ஸ்டாப்வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிசியோ சொன்ன கால் உயர்த்தும் பயிற்சியை எத்தனை முறை செய்தாள், எவ்வளவு தூரம் வலியில்லாமல் நடந்தாள் என்பதை அதே குறிப்பேட்டில், மற்றவர்களுடைய நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். அவளை உளவியலாளரிடமும் அழைத்துச் சென்றார். முதல் நாள் அவள் எழுதியது: வலது கால், பன்னிரண்டு முறை. பெயரையும் எழுதியிருந்தாள்.